வாடகை ஏடும் தொழினுட்ப மாற்றமும்
ஐ.பி.எம். கம்பனியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கைத்தொழிற் புரட்சிக்குப் பிந்திய வணிக வரலாற்றை எழுதுவோரிடையே ஒரு வழக்கம் நிலவி வருகின்றது. ஒரு பெருங் கம்பனி தனது துறையில் நிகழ்ந்த தொழினுட்ப மாற்றத்தைக் கடந்து நிலைபெற்றுவிட்டால் அதன் தலைவர் தீர்க்கதரிசி எனப் போற்றப்படுவார். கம்பனி வீழ்ச்சியுற்றாலோ, அதே தலைவர் காலத்தை அறியாதவர் எனப் பழிக்கப்படுவார். விளைவை முதலில் அறிந்துகொண்டு அதற்கேற்ற குணத்தைப் பின்னர் கற்பிக்கும் இம்முறை வரலாறாகாது. அது ஒருவகைப் புராணமே. தனிமனிதரின் அறிவும் அறியாமையும் வரலாற்றில் இடம்பெறுவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்துவரும் ஒரு கம்பனியில் பல தலைவர்கள் வந்து போயிருக்க, அதே கம்பனி ஒருமுறை மாற்றத்திற்கு முகங்கொடுத்து வென்றும் இன்னொருமுறை தோற்றும் போனதேன் என்ற வினாவுக்குத் தலைவர்களின் குணநலன் மட்டும் விடையாகாது.

இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்காவின் சர்வதேச வணிக இயந்திரக் கம்பனி, அதாவது ஐ.பி.எம்., மிகப் பொருத்தமானதோர் உதாரணமாகும். துளை அட்டைப் பொறியிலிருந்து கணனிக்கும், கணனியிலிருந்து சேவைத்தொழிலுக்கும் இக்கம்பனி மாறியது. இடையில், தானே உலகறியச் செய்த தனியாட் கணனித் துறையிலே தோல்வியும் கண்டது. இந்த ஏற்ற இறக்கங்கள் அனைத்தினூடாகவும் ஓர் இழை ஓடுகின்றது. அது பொறியியலாளரின் ஆய்வுகூடத்தில் இருப்பதன்று. கணக்காளரின் வாடகை ஏட்டில் இருப்பது. தனது வாடிக்கையாளரை மாதந்தோறும் கட்டிவைத்திருந்த உறவைக் காக்க வேண்டிய இடத்திலெல்லாம் இக்கம்பனி தன் சொந்த இயந்திரங்களையே அழித்துக்கொண்டு மாறியிருக்கின்றது. அவ்வுறவு இல்லாத இடத்தில் அதனால் மாற இயலவில்லை.

1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின்போது ஹேர்மன் ஹொலரித் என்பவர் அமைத்த அட்டவணைப் பொறிகள் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வோர் ஆளைப் பற்றிய விபரங்களும் ஓர் அட்டையில் துளைகளாக இடப்பட்டு, அத்துளைகளூடு மின்சாரம் பாய்ந்து எண்ணும் கருவியை இயக்கும் முறை அது. ஹொலரித் 1896இல் நிறுவிய கம்பனி, 1911இல் சாள்ஸ் பிளின்ற் என்னும் முதலீட்டாளரால் வேறு கம்பனிகளோடு இணைக்கப்பட்டது. இறைச்சி நிறுக்கும் தராசும், தொழிலாளர் வேலைக்கு வரும் நேரத்தைப் பதியும் மணிக்கூடும், அட்டவணைப் பொறியும் ஒரே கம்பனியின் பொருள்களாயின. 1914இல் இதன் பொறுப்பை ஏற்றவர் தோமஸ் ஜே. வோட்சன். முன்னர் காசுப்பதிவுப் பொறிக் கம்பனி ஒன்றிற் பணிபுரிந்த அவர், போட்டியாளரை முறைகேடாக ஒழிக்க முயன்ற வழக்கிலே 1913இல் குற்றவாளியாகக் காணப்பட்டவர். 1915இல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1924இல் கம்பனிக்கு இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

வோட்சனின் காலத்தில் உறுதிபெற்ற வணிகமுறையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஐ.பி.எம். தனது பொறிகளை விற்கவில்லை; மாத வாடகைக்கு விட்டது. பொறி பழுதுபட்டால் கம்பனியின் ஆளே வந்து திருத்துவார். வாடிக்கையாளரின் கணக்கு வேலைக்கேற்பப் பொறியை அமைத்துக் கொடுப்பவரும் கம்பனியின் ஆளே. வாடிக்கையாளர் விலைகொடுத்து வாங்கியது அட்டைகளை மட்டுமே. அவையோ ஒருமுறை துளைத்தாற் பின்னர் பயன்படாதவை. ஆகவே மீண்டும் மீண்டும் வாங்கப்பட வேண்டியவை. 1928இல் நீள்சதுரத் துளைகளையுடைய 80 நிரல் அட்டை அறிமுகமானதும் ஒரே அட்டையில் முன்னையிலும் பெருமளவு செய்தி அடங்கியது. அவ்வட்டை வேறு கம்பனிகளின் பொறிகளுக்குப் பொருந்தவுமில்லை. ஐ.பி.எம். பொறிக்கு ஐ.பி.எம். அட்டையையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க அரசு நீதிமன்றிற்குக் கொண்டுசென்றது. 1936இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பினால் நிபந்தனை போயிற்று; வாடகை உறவு போகவில்லை.

விற்பனையில் வாழும் கம்பனிக்கும் வாடகையில் வாழும் கம்பனிக்கும் உள்ள வேறுபாடு 1929இன் பின் வந்த பெருமந்தத்தில் வெளிப்பட்டது. புதிய பொறி வாங்குவதை எவரும் ஒத்திவைக்கலாம். ஆனால் சம்பளப் பட்டியலையும் கட்டுப்பணக் கணக்கையும் நாள்தோறும் தயாரித்துக்கொண்டிருக்கும் பொறியைத் திருப்பிக் கொடுத்தல் எளிதன்று. வருமானம் முற்றாக வற்றிவிடாத காரணத்தினாலேயே வோட்சனால் ஆலைகளை மூடாது பொறிகளைச் செய்து களஞ்சியத்தில் அடுக்கிவைக்க முடிந்தது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதும் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் தொழிலாளரின் கணக்குகளை அரசு பேண வேண்டியதாயிற்று. அவ்வளவு பொறிகளை உடனே கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தது ஐ.பி.எம். இதனை வோட்சனின் தூரதிருஷ்டி என்பர். ரூஸ்வெல்ற் ஆட்சியின் சட்டம் வந்திராவிடின் அதே களஞ்சியம் அவருடைய மடைமையின் சின்னமாகக் காட்டப்பட்டிருக்கும் என்பதையும் நினைத்தல் நன்று.

வாடகை உறவுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. கம்பனியின் ஜேர்மன் கிளையான டெஹோமாக் நிறுவனத்தின் பொறிகள், நாசி ஆட்சியின்கீழ் 1933இலும் 1939இலும் நடந்த குடிசன மதிப்பீடுகளிற் பயன்படுத்தப்பட்டன. 1937இல் அவ்வரசு வழங்கிய பதக்கத்தை வோட்சன் ஏற்றார். 1940இலேயே அதனைத் திருப்பியனுப்பினார். போர்க்காலத்தில் அக்கிளை ஜேர்மன் அரசு நியமித்த பொறுப்பாளரின் கீழ் வந்தது. நியூ யோர்க் தலைமையகம் எவ்வளவு அறிந்திருந்தது, எவ்வளவு கட்டுப்படுத்தியது என்பது பற்றி 2001இல் எட்வின் பிளக்கின் நூல் வெளிவந்த காலத்திலிருந்து ஆய்வாளரிடையே விவாதம் நடந்துவருகின்றது. விற்றுவிட்ட பொருளின் பயனுக்கு விற்றவன் பொறுப்பல்லன் என்று வாதிடலாம். வாடகைக்கு விட்டு, பழுது பார்த்து, அட்டையும் வழங்கி வந்த பொறியைப் பற்றி அவ்வாறு வாதிடுதல் கடினம்.

இரண்டாம் உலகப் போரின் பின் இலத்திரனியற் கணனி தோன்றியது. உலகச் சந்தைக்கு ஐந்து கணனிகளே போதும் என்று வோட்சன் கூறினார் என ஒரு கதை நெடுங்காலம் வழங்கி வருகின்றது; அவர் அவ்வாறு கூறியமைக்குச் சான்று எதுவும் கிடைத்திலது. உண்மையில் 1944இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற்குப் பெரும் கணக்கிடும் பொறியொன்றை அமைத்துக் கொடுத்ததும் அவருடைய கம்பனியே. ஆயினும் வணிகத்துறைக் கணனியில் ஐ.பி.எம். முந்திக்கொள்ளவில்லை. 1951இல் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம், ஹொலரித்தின் பொறி முதன்முதற் புகழ்பெற்ற அதே பணியகம், றெமிங்டன் ராண்ட் கம்பனியின் யுனிவக் கணனியைப் பெற்றுக்கொண்டது. 1952 சனாதிபதித் தேர்தலன்று தொலைக்காட்சியில் ஐசன்ஹோவரின் வெற்றியை யுனிவக் முன்கூட்டியே கணித்ததோடு, பொதுமக்கள் பேச்சில் கணனி என்பதற்கு யுனிவக் என்பதே மறுபெயராயிற்று.

பின்தங்கிய கம்பனி எவ்வாறு சில ஆண்டுகளில் முந்தியது? 1952இல் ஐ.பி.எம். அறிவித்த 701 என்னும் கணனி 19 மட்டுமே செய்யப்பட்டது. வான்பாதுகாப்பிற்கென அமெரிக்க இராணுவம் வேண்டிய சேஜ் திட்டத்தின் கணனிகளை அமைத்ததன்மூலம் அரசுப் பணத்திலே தொழினுட்பப் பயிற்சியும் கிடைத்தது. வணிக நோக்கில் திருப்பத்தை ஏற்படுத்தியவை இவையல்ல. 1953இல் அறிவிக்கப்பட்ட 650 என்னும் சிறிய கணனியே அதனைச் செய்தது. வேகத்தில் அது யுனிவக்கிற்கு நிகரானதன்று. ஆனால் வாடிக்கையாளரிடம் ஏலவே குவிந்துகிடந்த அட்டைகளை அது வாசித்தது. மாத வாடகை ஏறத்தாழ 3,250 டொலர். அட்டைப் பொறிக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்த காப்புறுதிக் கம்பனிக்கு அது புரட்சியாகத் தோன்றவில்லை. அடுத்த மாதத்து வாடகைச் சீட்டில் ஒரு மாற்றமாகவே தோன்றியது. ஏறத்தாழ 2,000 பொறிகள் செய்யப்பட்டன. கணனிக் கல்வி புகட்ட இணங்கிய பல்கலைக்கழகங்களுக்கு வாடகையில் 60 சதவீதம் வரை கழிவும் அளிக்கப்பட்டது. அவ்விதம் ஒரு தலைமுறை மாணவர் ஐ.பி.எம். கணனியிலேயே செய்நிரல் எழுதப் பழகி, பின்னர் தாம் வேலைக்குச் சேர்ந்த இடங்களில் அதனையே கேட்டனர். கல்விக்கான கொடை என்று இது அக்காலத்திற் பேசப்பட்டது. கொடையாளர் இழந்தது யாதெனக் கணக்கிட்டால் வேறு முடிவே கிடைக்கும்.

1956இல் மூத்த வோட்சன் காலமானார்; அவ்வாண்டிலேயே மகன் தோமஸ் வோட்சன் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். அதே ஆண்டு அரசோடு செய்துகொள்ளப்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, பொறிகளை வாடகைக்கு மட்டுமன்றி விலைக்கும் கொடுக்கக் கம்பனி கடமைப்பட்டது. பெரும்பாலான வாடிக்கையாளர் தொடர்ந்தும் வாடகையையே விரும்பினர். விரைவாக மாறிவரும் பொறியை விலைக்கு வாங்கிப் பழசாக்கிக்கொள்ள எவர் துணிவர்? 1959இல் வெளிவந்த 1401 என்னும் கணனி மாதம் 2,500 டொலரிலிருந்து வாடகைக்குக் கிடைத்தது. 10,000இற்கு மேற்பட்டவை நிறுவப்பட்டன.

இந்த வெற்றியே அடுத்த நெருக்கடியைப் பெற்றெடுத்தது. 1960 அளவில் ஐ.பி.எம்.மிடம் ஒன்றோடொன்று பொருந்தாத பல கணனி வரிசைகள் இருந்தன. ஒரு வரிசைக்கு எழுதிய செய்நிரல் இன்னொன்றில் ஓடாது. வளர்ந்துவரும் வாடிக்கையாளர் சிறிய கணனியிலிருந்து பெரியதற்கு மாற வேண்டுமாயின் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். எப்படியும் புதிதாக எழுதுவதானால் வேறு கம்பனியின் கணனிக்கு எழுதினால் என்ன என்று அவர் சிந்திக்கக்கூடும். வாடகை ஏட்டிலிருந்து ஒரு பெயர் அழியும் இடம் அதுவே. 1961 டிசெம்பரில் கம்பனியின் உட்குழு ஒன்று, இருக்கும் வரிசைகள் அனைத்தையும் கைவிட்டு, சிறியது முதற் பெரியது வரை ஒரே கட்டளைத்தொகுதியை விளங்கிக்கொள்ளும் ஒரே கணனிக் குடும்பத்தை உருவாக்க வேண்டும் என அறிக்கை சமர்ப்பித்தது.

இதற்கு எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. தத்தம் வரிசையைப் பெருமையோடு வளர்த்த பிரிவுகளிடையே கடும் போராட்டம் நிகழ்ந்தது. பிரெட் புறூக்ஸ் என்னும் பொறியியலாளர் திட்டமிட்டுக்கொண்டிருந்த 8000 வரிசையை பொப் எவன்ஸ் இரத்துச் செய்தார். புறூக்ஸ் அதனை எதிர்த்து மாதக்கணக்கிற் போராடித் தோற்றார். தோற்றவரிடமே புதிய குடும்பத்தை உருவாக்கும் பொறுப்பை எவன்ஸ் ஒப்படைத்தார். ஆளைத் தண்டியாது வேலையைக் கொடுத்த இச்செயல், கம்பனிகளின் வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

1963 டிசெம்பரில் ஹனிவெல் கம்பனி ஒரு கணனியை அறிவித்தது. 1401இன் செய்நிரல்களை மாற்றித் தன்மீது ஓட்டவல்ல மென்பொருளோடு அது வந்தது, ஐ.பி.எம்.மின் மிகச் செழிப்பான வயலுக்குள்ளேயே கால்வைத்தது. கம்பனிக்குள் சிலர் 1401ஐயே விருத்தி செய்து போட்டியிடுவோம் என்றனர். அதற்குப் பதிலாக, புதிய குடும்பத்துக் கணனிகளின் உள்ளே பழைய 1401ஐப் போல நடிக்கும் நுண்கட்டளைகள் பதிக்கப்பட்டன. பழைய செய்நிரலைத் திருத்தாமலே புதிய பொறியில் ஓட்டலாம் என்ற நிலை உருவானது. முறைமை 360இன் கட்டமைப்பை வியப்போர் பலர். இந்த நடிப்பே அதனைக் காப்பாற்றியது என்பதைக் குறிப்பிடுவோர் சிலர்.

1964 ஏப்பிரல் 7ஆம் திகதி முறைமை 360 அறிவிக்கப்பட்டது. இத்திட்டத்திற்கான செலவு 500 கோடி டொலர் எனக் கணிக்கப்படுகின்றது. ஐந்து புதிய ஆலைகள் எழுந்தன. 60,000இற்கு மேற்பட்டோர் புதிதாகச் சேர்க்கப்பட்டனர். இயக்க முறைமை என்னும் மென்பொருள் உரிய காலத்தில் முடியவில்லை. ஆளைக் கூட்டக் கூட்டத் தாமதமும் கூடியது. அந்த அனுபவத்தையே புறூக்ஸ் 1975இல் நூலாக எழுதி, மென்பொருட் கல்வியின் மூலநூல்களில் ஒன்றாக்கினார். உற்பத்திக் குழப்பத்திற்குப் பொறுப்பாக்கப்பட்டவர் தலைவரின் தம்பியான ஆதர் வோட்சன். அவர் பதவியினின்றும் அகற்றப்பட்டார். ஆயினும் கணனிகள் வாடிக்கையாளரைச் சென்றடைந்தன. போட்டியிட்ட கம்பனிகளில் ஜெனரல் இலெக்றிக் 1970இலும் ஆர்.சி.ஏ. 1971இலும் கணனித் தொழிலை விட்டு விலகின.

இவ்வெற்றியின் மறுமுனையில் அரசு நின்றது. 1969 ஜனவரியில் நீதித் திணைக்களம் ஏகபோகக் குற்றச்சாட்டில் வழக்குத் தொடர்ந்தது. அவ்வாண்டு யூனில் ஐ.பி.எம். மென்பொருளுக்கும் சில சேவைகளுக்கும் வேறாக விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. அதுவரை பொறியின் வாடகைக்குள் இலவசம்போல் அடங்கியிருந்த மென்பொருள் ஒரு தனிப் பண்டமாயிற்று. அதனை மட்டும் விற்று வாழும் கம்பனிகளுக்கும் வழி திறந்தது. வழக்கு 13 ஆண்டுகள் இழுபட்டு, 1982 ஜனவரியில் அரசாலேயே கைவிடப்பட்டது.

வாடகைமுறை மூன்றாம் உலக நாடொன்றில் எவ்வாறு இயங்கியது என்பதற்கு அயல்நாடான இந்தியாவே சான்று. மேற்கில் ஆயுள் முடிந்த 1401 பொறிகள் அங்கு கொண்டுவரப்பட்டு, புதுக்கப்பட்டு, வாடகைக்கு விடப்பட்டன. இது அந்நாட்டில் கடுமையாக விமரிசிக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டவரின் பங்கு 40 சதவீதத்திற்குக் குறைக்கப்பட வேண்டும் என ஜனதா அரசின் கைத்தொழில் அமைச்சர் ஜோர்ஜ் பெர்னாண்டஸ் வற்புறுத்தினார். முழு உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்த ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. கம்பனி விட்டுச்சென்ற பொறிகளைப் பராமரிக்கும் பணியை இந்திய அரசின் கணனிப் பராமரிப்புக் கூட்டுத்தாபனம் ஏற்றது.

1980களின் தொடக்கத்தில், பின்னால் வந்த தோல்விகளுக்கெல்லாம் வித்திட்ட ஒரு மாற்றம் அதிக ஆரவாரமின்றி நிகழ்ந்தது. ஐ.பி.எம். தனது வாடிக்கையாளரை வாடகையிலிருந்து விலைக்கு வாங்கும் முறைக்கு மாறும்படி ஊக்குவித்தது. பல ஆண்டுகளில் வரவேண்டிய பணம் ஓரிரு ஆண்டுகளில் மொத்தமாக வந்தது, வருமானம் வீங்கியது. இவ்வீக்கத்தை வளர்ச்சியெனக் கொண்ட தலைமைப்பீடம், 1990இல் ஆண்டு வருமானம் 10,000 கோடி டொலரை எட்டுமென எதிர்பார்த்து ஆலைகளைப் பெருக்கியது. 1990இல் வந்தது ஏறத்தாழ 6,900 கோடி. வயலின் பயிரை மட்டுமன்றி விதைநெல்லையும் விற்ற கமக்காரனின் நிலை அது. பொறியை விலைக்கு வாங்கிவிட்ட வாடிக்கையாளர் அடுத்த பொறியை எங்கும் வாங்கலாம். ஐ.பி.எம்.மிலிருந்து விலகிச் சென்ற ஜீன் அம்டாலின் கம்பனி, 1975இலிருந்தே ஐ.பி.எம். மென்பொருளை ஓட்டவல்ல பெருங்கணனிகளை விற்று வந்தது.

தனியாட் கணனியின் கதை இப்பின்னணியில் நோக்கற்பாலது. 1980இல் புளோறிடா மாநிலத்தின் பொக்கா றற்றோனில் ஒரு சிறு குழு, கம்பனியின் வழமையான நடைமுறைகளிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஓராண்டுக்குள் ஒரு சிறிய கணனியைச் செய்யும்படி பணிக்கப்பட்டது. விரைவின் பொருட்டுப் பாகங்கள் வெளியிலிருந்து வாங்கப்பட்டன: நுண்செயலி இன்டெலிடமிருந்து, இயக்க முறைமை மைக்ரோசொப்ற் என்னும் சிறு கம்பனியிடமிருந்து. 1981 ஓகஸ்ற் 12ஆம் திகதி, 1,565 டொலர் தொடக்கவிலையில் அது அறிவிக்கப்பட்டது. சந்தையில் அது பெற்ற வரவேற்பு கம்பனியின் எதிர்பார்ப்பையும் விஞ்சியது.

இதனை மாற்றத்திற்கு விரைவாக முகங்கொடுத்த செயலாகப் பாராட்டியோர் பலர். பத்தாண்டின் பின் அதனையே பெருந்தவறாகக் காட்டியோரும் அவர்களிற் பலர். மைக்ரோசொப்ற் தனது இயக்க முறைமையை ஏனைய கம்பனிகளுக்கும் கொடுக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1982இல் தொடங்கப்பட்ட கொம்பாக் கம்பனி, உள்ளிருந்த அடிப்படை மென்பொருளைச் சட்டத்திற்கு முரணாகாத வகையில் மீளாக்கிப் பொருந்தும் கணனியைச் செய்தது. 1986இல் இன்டெலின் புதிய 386 நுண்செயலியை ஐ.பி.எம்.மிற்கு முன்னரே பயன்படுத்தியது. ஒப்பந்தத்தில் ஓர் வாசகத்தைச் சேர்க்க மறந்தமையே வீழ்ச்சிக்குக் காரணம் என்பது எளிய விளக்கம். ஆழ்ந்து நோக்கின், இக்கணனி கடைகளினூடாக விற்கப்பட்ட பொருள் என்பது தெரியும். வாங்கியவரின் பெயர் கம்பனியின் ஏட்டில் இல்லை; மாதந்தோறும் அவரிடம் செல்லும் ஆளும் இல்லை. அவரைக் கட்டிவைத்தது அவர் வாங்கிய செய்நிரல்கள். அவை பொருந்தியது மைக்ரோசொப்ற்றின் முறைமைக்கும் இன்டெலின் செயலிக்கும். வாடிக்கையாளரை அவருடைய செய்நிரலே பிணிக்கும் என 1964இல் ஐ.பி.எம். கண்ட உண்மையை 1981இல் கையிலெடுத்தவர்கள் அதன் வழங்குநர்களே. 1987இல் தனக்கே உரிய அமைப்போடு பி.எஸ். 2 என்னும் வரிசையை வெளியிட்டு, பிரிந்த சந்தையை மீண்டும் வேலிக்குள் கொண்டுவர ஐ.பி.எம். முயன்றது. வேலி போடும் காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

1991இல் ஏறத்தாழ 280 கோடி டொலர், 1992இல் ஏறத்தாழ 500 கோடி, 1993இல் 810 கோடி என நட்டம் பெருகியது. இந்த எண்களைப் பொருளியல் மாணவர் அட்டவணைகளிற் காண்பர். அவை எவர் தலையில் விழுந்தன என்பது அவ்வட்டவணைகளில் இராது. பெருமந்தக் காலத்திலிருந்தே ஆட்குறைப்புச் செய்வதில்லை என்பது இக்கம்பனியின் மரபு. மூத்த வோட்சனின் காலத்தில் ஊழியர் கம்பனிப் பாடல்களைக் கூடிநின்று பாடினர்; 1958இல் மணிக்கூலி ஒழிக்கப்பட்டு அனைவரும் மாதச் சம்பளக்காரராயினர். தொழிற்சங்கம் வேரூன்றாமைக்கு இந்த வாக்குறுதியும் ஒரு காரணமெனலாம். 1993இல் நியூ யோர்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கிலுள்ள ஆலைகளில் வேலைநீக்கம் தொடங்கியது. 1986இல் 4 இலட்சத்திற்கு மேலிருந்த ஊழியர் தொகை 1994இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரமாயிற்று. தந்தையும் மகனும் ஒரே ஆலையிற் பணிபுரிந்த ஊர்களில் வீடுகள் விலைபோகாது கிடந்தன. வாடிக்கையாளரோடு கொண்ட நீடித்த உறவைத் தன் வலிமையாகக் கண்ட கம்பனி, ஊழியரோடு கொண்ட நீடித்த உறவைச் செலவாகக் கண்டது.

1993 ஏப்பிரலிற் பொறுப்பேற்ற லூயிஸ் கேர்ஸ்னர் கணனித் துறையினரல்லர். பிஸ்கற்றும் சிகரற்றும் விற்ற கம்பனியிலிருந்து வந்தவர். அவருக்கு முன்பிருந்த ஜோன் ஏக்கர்ஸ், கம்பனியைப் பல சிறு கம்பனிகளாகப் பிரிக்கும் திட்டத்தைத் தொடக்கியிருந்தார். அதுவே காலத்திற்கேற்ற செயலெனப் பங்குச்சந்தை கூறியது. முன்னர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் ஐ.பி.எம்.மின் பெரும் வாடிக்கையாளராகவே இருந்த கேர்ஸ்னர் அதனை நிறுத்தினார். பத்துக் கம்பனிகளின் பொறிகளை வாங்கிக் குவித்து, அவற்றை ஒன்றாக இயக்க வழியறியாது தவித்த வங்கியும் விமானக் கம்பனியும் வேண்டியது இன்னொரு பொறியை அன்று. எல்லாவற்றிற்கும் பொறுப்பேற்கும் ஒருவரை. பெருங்கணனிகளின் விலை குறைக்கப்பட்டது. மலிவான புதிய வகைச் சில்லுகளுக்கு அவை மாற்றப்பட்டன. 1994இல் ஏறத்தாழ 300 கோடி டொலர் இலாபம் கிடைத்தது. சேவைப் பிரிவு விரிந்து, 2002இல் பிரைஸ் வோட்டர்ஹவுஸ் கூப்பர்ஸின் ஆலோசனைப் பிரிவு ஏறத்தாழ 350 கோடி டொலருக்கு வாங்கப்பட்டது. அதே ஆண்டில், 1956இல் ஐ.பி.எம். தானே கண்டுபிடித்த தட்டுச் சேமிப்புத் தொழில் ஹிற்றாச்சிக்கு விற்கப்பட்டது. 2005இல் தனியாட் கணனித் தொழில் சீனாவின் லெனோவோவுக்குச் சென்றது. ஐந்தாண்டு, பத்தாண்டுச் சேவை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பெயர் புதிது; ஆனால் மாதந்தோறும் பணம் வரும் பழைய வாடகை ஏடே மீண்டும் திறக்கப்பட்டது.

1999இல் ஓய்வூதிய முறை மாற்றப்பட்டபோது நடுவயது ஊழியர் பலரின் எதிர்பார்த்த ஓய்வூதியம் குறைந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் கம்பனி ஓரளவு பின்வாங்கி, கூடுதலானோரைப் பழைய முறையிலிருக்க அனுமதித்தது. சேவைத்தொழிலோ ஆட்கூலியில் தங்கியிருப்பது. 1978இல் வெளியேறி 1992இல் ராற்றா நிறுவனத்தோடு கூட்டாக இந்தியாவுக்குத் திரும்பிய கம்பனி, 2017 அளவில் அமெரிக்காவிலும் பார்க்க அதிகமான ஊழியரை அங்கு வைத்திருந்ததாக நியூ யோர்க் ரைம்ஸ் எழுதியது.

2006இல் அமேசன் கம்பனி கணனியாற்றலை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, வாடகையின் மூலம் வளர்ந்த கம்பனி அதனை உடனடியாகப் பின்பற்றவில்லை என்பது வியப்புக்குரியது. காரணம் தேடின் கிடைப்பது 1981இன் காரணமே. அமேசனின் முதல் வாடிக்கையாளர், கடன் அட்டையோடு வந்த சிறுதொழில் முனைவோர், ஐ.பி.எம்.மின் ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை. அத்துடன், 2015இல் ஒரு பங்கிற்கு 20 டொலர் வருவாய் காட்டுவதாகக் கொடுத்த வாக்கும், அதற்கெனத் தன் பங்குகளையே மீள வாங்கியமையும் முதலீட்டை வேறு திசைக்கு இழுத்தன. அவ்விலக்கு 2014இற் கைவிடப்பட்டது. 2013இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தின் ஒப்பந்தம் அமேசனுக்குச் சென்றது. 2012 முதல் தொடர்ந்து 22 காலாண்டுகள் வருமானம் வீழ்ந்தது. 2019இல் 3,400 கோடி டொலர் கொடுத்து ரெட் ஹற் என்னும் மென்பொருட் கம்பனி வாங்கப்பட்டது.

2021 நவெம்பரில், கேர்ஸ்னர் காலத்தில் கம்பனியை மீட்டெடுத்த சேவைத்தொழிலின் பெரும்பகுதி, ஏறத்தாழ 90,000 ஊழியரோடு, கின்ட்ரில் என்னும் தனிக் கம்பனியாக வெளியே விடப்பட்டது. பெருங்கணனியோ வெளியே விடப்படவில்லை. 2025இல் அறிவிக்கப்பட்ட சி 17 என்னும் அதன் புதிய பொறி, முறைமை 360இன் நேர்வழித்தோன்றல். அறுபது ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கணக்குக்கென எழுதப்பட்ட செய்நிரல்களும் அதில் ஓடக்கூடியவை. அப்பொறியில் இயங்கும் மென்பொருளுக்கான கட்டணம் பெருமளவு இன்னும் மாதக் கணக்கிலேயே அறவிடப்படுகின்றது.